எழுதியாச்சு, யார் வாசிப்பது? சமகால இசைக்குழு பற்றி ஒரு எளிய அறிமுகம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இசைக்குழு என்று சொன்னால் ஆளுக்கு ஒன்று நினைவுக்கு வரும். கல்யாணத்துக்கு நாதஸ்வரம் தவில், ஊர்வலத்துக்கு பேண்டு செட், மாரியம்மன் பண்டிகைக்கு பம்பை, பண்டிகை முடிந்த ராத்திரி மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடுகிற ஆர்கெஸ்ட்ரா. இந்த நாலுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் வாசிப்பார்கள், தெரிந்ததை வாசிக்கத்தான் காசு. தெரியாத பாட்டை எடுத்தால் முன்வரிசையிலிருந்து துண்டுச் சீட்டு வந்துவிடும், இந்தப் பாட்டைப் போடு, அந்தப் பாட்டைப் போடு என்று.

சமகால இசைக்குழு இதற்கு நேர் எதிர். இதுவரை யாரும் கேட்காத, போன மாதம்தான் எழுதி முடித்த இசையை வாசிப்பதற்கென்றே சேர்ந்த கூட்டம் அது. எழுதியவர் உயிரோடு இருப்பார், ஒத்திகையில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், வாசிப்பவர் நடுவில் நிறுத்தி "இந்த இடம் புரியவில்லை" என்று கேட்டால் பதில் சொல்வார், பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தையே அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டு வருவார். பெரும்பாலும் சின்னக் குழுதான், ஐந்தாறு பேரிலிருந்து இருபது முப்பது பேர் வரை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரே ஆள். பெரிய மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் பதினாறு வயலின் ஒன்றாக வாசிக்கும்போது ஒருத்தர் தடுமாறினால் வெளியே தெரியாது. இங்கே தப்பினால் உடனே தெரிந்துவிடும்.

சரி, இதற்கென்று தனியாக ஒரு குழு எதற்கு? கவிதை எழுதுகிறவருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. எழுதினார், போனில் போட்டார், பத்துப் பேர் படித்துவிட்டார்கள். இசை எழுதுகிறவர் காகிதத்தில் எழுதி வைத்தால் அது வெறும் காகிதம்தான். அதற்கு ஏழு பேர் வேண்டும், ஏழு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு வேண்டும், உட்கார இடம் வேண்டும், ஒருத்தராவது டீ வாங்கித் தர வேண்டும். யாருக்கும் தெரியாத ஒரு இருபது வயசுப் பிள்ளைக்காக அந்த ஏழு பேர் ஏன் வர வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் உலகத்தில் பல இடங்களில் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டாகியிருக்கின்றன.

இப்போதுதான் போனிலேயே இசை அமைக்கலாமே, பட்டனைத் தட்டினால் வயலினும் புல்லாங்குழலும் அதுவே வாசித்துக் காட்டுமே என்று கேட்பீர்கள். உண்மைதான், பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும்கூட பையன்கள் அப்படித்தான் பாட்டுப் போடுகிறார்கள், சிலது நன்றாகவும் இருக்கிறது. ஆனால் போன் எதற்கும் மறுப்புச் சொல்லாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பாலக்கோட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் ஒரு மாணவி நாதஸ்வரம், வயலின், பம்பை மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிட இசை ஒன்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனில் கேட்டால் அருமையாக இருக்கிறது. முதல் ஒத்திகையில் நாதஸ்வரக்காரர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்கிற முதல் கேள்வி, "ஏம்மா, இதுல நான் எங்க மூச்சு வாங்கறது?" என்பதாகத்தான் இருக்கும். ஒரு நிமிடத்துக்கு இடைவெளியே இல்லாமல் சுரங்களை அடுக்கி வைத்திருக்கிறார். போனுக்கு நுரையீரல் இல்லை, வாசித்துவிட்டது. நாதஸ்வரத்துக்குத் துணையாகச் சுருதி பிடிக்கும் ஒட்டு என்ற குழலை ஊதுகிறவர்கள் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே நிறுத்தாமல் ஊதுவார்கள், ஆனால் அது ஒரே சுரம். விரல் ஓடும் இடத்தில் மூச்சுக்கு இடம் விட்டுத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது சுருதி. போனில் எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி அளவு, வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நாதஸ்வரத்தின் சுருதி ஆச்சா மரத்தைக் கடையும்போதே முடிவாகிவிடுகிறது, வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கொண்டு ஒரு இம்மி ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். எழுதியவர் வேறு கட்டையில் யோசித்திருந்தால் வயலின்தான் தந்தியைத் தளர்த்தி இறங்கி வர வேண்டும், இல்லையென்றால் மொத்தத்தையும் மாற்றி எழுத வேண்டும். அப்புறம் சத்தம். நாதஸ்வரம் தெருவுக்கும் கோயில் பிராகாரத்துக்கும் பிறந்த வாத்தியம். ஒரு அறைக்குள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வயலின் வாசித்தால், வில் அசைவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எதுவும் வராது. பம்பையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். போனில் இந்தத் தொல்லையே இல்லை, ஒன்றைக் குறைத்து ஒன்றைக் கூட்டி வைத்திருப்பார்.

இந்த இடத்தில்தான் குழு இருப்பதன் பலன் தெரியும். நாதஸ்வரக்காரர் எழுந்து வெளியே திண்ணையில் போய் நின்று வாசித்துப் பார்க்கலாம். வயலின் உள்ளே, நாதஸ்வரம் வெளியே, நடுவில் ஒரு கதவு. கதவைப் பாதி சாத்தினால் ஒரு மாதிரி, முழுக்கத் திறந்தால் ஒரு மாதிரி. எழுதியவர் மனசில் இல்லாத ஒரு தூரம் அந்த இசைக்குள் வந்துவிடும், அது எழுதினதைவிட நன்றாகவும் இருக்கக்கூடும். பம்பைக்காரருக்குத் தாளில் எழுதியதைப் படிக்கத் தெரியாது என்றால் வாயால் சொற்கட்டாகச் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் ரெண்டு தடவை கேட்டுவிட்டு, "இந்த எடத்துல நாங்க இப்பிடித்தான் திருப்புவோம்" என்று ஒன்றை அடித்துக் காட்டுவார். அதை எடுத்துக்கொள்வதா, வேண்டாம் நான் எழுதினதே இருக்கட்டும் என்பதா? இப்படி ஒரு மத்தியானத்தில் கற்பதை எந்தச் செயலியும் எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்காது என்பது என் கருத்து. புதிதாக எழுதுகிறவருக்குப் பாராட்டுவிழாவோ சான்றிதழோ முக்கியமில்லை, எழுதினதை மனிதர்கள் வாசித்து அவர் காதால் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த மாதிரிக் குழுக்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்ப்போம். 1912-இல் ஆர்னால்ட் ஷோன்பெர்க் என்ற வியன்னாக்காரர் 'பியரோ லூனேர்' என்று ஒன்று எழுதினார். ஒரு பாடகி, வாசிக்க ஐந்தே பேர். அந்த ஐந்து பேரும் மாற்றி மாற்றி எட்டு வாத்தியங்கள் வாசிக்க வேண்டும். நூறு பேர் உட்கார்ந்த ஆர்கெஸ்ட்ராக்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. சின்னக் கூட்டத்தை வைத்தே பெரிய இசை எழுதலாம் என்பதற்கு இது ஒரு முன்மாதிரி ஆகிவிட்டது. புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்ற அந்த ஐந்து பேர் அமைப்புக்கே 'பியரோ குழு' என்று பெயர் வந்துவிட்டது, இன்றைக்கும் எழுதுகிறார்கள்.

அதே ஷோன்பெர்க் 1918-இல் வியன்னாவில் ஒரு சங்கம் ஆரம்பித்தார். புது இசையைத் தனியாகக் கேட்பதற்கான சங்கம். அதன் விதிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. பத்திரிகை விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கைதட்டக் கூடாது, முகம் சுளித்துச் சத்தம் போடவும் கூடாது. இன்றைக்கு என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பிடிக்காத ஆளின் பெயரைப் பார்த்து வராமல் இருந்துவிடக் கூடாதே என்று. ஒத்திகை போதுமான அளவு நடந்த பிறகுதான் மேடை. முக்கியமாக, ஒரே இசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், ஏனென்றால் புதுசு ஒரு தடவையில் காதில் இறங்காது. பணவீக்கத்தில் மாட்டி 1921-இல் சங்கம் நின்றுபோனது, ஆனால் பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் குழுக்கள் வரத் தொடங்கின. 1968-இல் லண்டன் சின்ஃபோனியேட்டா. 1976-இல் பாரிஸில் இசையமைப்பாளர் பியேர் பூலெஸ் ஆரம்பித்த என்செம்பிள் இன்டர்கன்டெம்பொரெய்ன், அரசாங்கப் பணத்தில் 31 பேருக்கு மாதச் சம்பளம் போட்டு. 1980-இல் ஜெர்மனியில் என்செம்பிள் மாடர்ன். அங்கே கலை இயக்குநர் என்று யாரும் மேலே கிடையாது, எதை வாசிப்பது என்பதை வாசிப்பவர்களே கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். அவர்களே 2003-இல் இளைஞர்களுக்காக ஒரு பயிற்சிக்கூடமும் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு, அங்கே அரசாங்கம் இந்த அளவுக்குக் கொடுக்காது. 1973-இல் சியாட்டில் நகரத்தில் டேவிட் ஹாரிங்டன் என்ற வயலின்காரர் ரேடியோவில் ஒரு இசையைக் கேட்டு ஆடிப்போனார். ஜார்ஜ் கிரம்ப் வியட்நாம் போர்க் காலத்தில் எழுதியது, அதில் வாசிப்பவர்கள் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில்கூட வில்லை இழுப்பார்கள். இதை வாசிப்பதற்காகவே தன்னையும் சேர்த்து நாலு பேர் கொண்ட குழுவைச் சேர்த்தார். அதுதான் குரோனோஸ் குவார்டெட். முதல் முதலாக கென் பென்ஷூஃப் என்பவரிடம் ஒரு இசை எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது கையில் காசில்லை, ஒரு பை டோனட் பலகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் குழு அப்புறம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புது இசைகளை எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறது.

இந்த 'எழுதச் சொல்லி வாங்குவது'தான் இந்த உலகத்தின் அச்சாணி. எழுதி முடித்ததைக் கொண்டுவா, பார்க்கலாம் என்பது ஒரு வகை. முன்கூட்டியே பணம் கொடுத்து, எங்கள் ஆறு பேருக்கு, பத்து நிமிடத்துக்கு, வருகிற தை மாசத்துக்குள் எழுதிக்கொடு என்று கேட்பது இன்னொரு வகை. இரண்டாவதில் எழுதுகிறவருக்குக் கெடு வருகிறது, பொறுப்பு வருகிறது, யார் விரல் எதில் ஓடும் என்று தெரிந்து எழுத முடிகிறது. முதல் வகையையும் குழுக்கள் நடத்துகின்றன. இத்தனை வயதுக்குள் இருப்பவர்கள் அனுப்பலாம் என்று அறிவிப்பார்கள். நெதர்லாந்தில் கௌடியாமுஸ் பரிசு என்று ஒன்று 1957 முதல் இளம் இசையமைப்பாளர்களுக்காகவே நடக்கிறது. இப்படி அனுப்பும்போது சிலர் விண்ணப்பக் கட்டணம் கேட்பார்கள். என்னைக் கேட்டால், கட்டணம் கேட்கும் இடத்துக்கு அவசரப்பட்டு அனுப்பாதீர்கள், கேட்காத இடங்களும் நிறைய இருக்கின்றன.

இதிலேயே இன்னொன்று, வாசித்துப் பார்க்கும் அமர்வு. கச்சேரி கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆறேழு பேர் எழுதியதைக் குழு ஒரே நாளில் வாசித்துப் பார்க்கும், ஆளுக்கு அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ. ஒலிப்பதிவு செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். வெளியில் இருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், ஆரம்பத்தில் இருப்பவருக்குக் கச்சேரியைவிட இதுதான் உதவும், ஏனென்றால் இங்கே சொதப்பலாம். நான் மேலே சொன்ன மூச்சுப் பிரச்சினை கச்சேரி நாளில் தெரிந்தால் அவமானம், இங்கே தெரிந்தால் பாடம்.

அப்புறம் யாரும் அதிகம் பேசாத ஒன்று, இரண்டாவது தடவை. புது இசை பலவற்றுக்கு அரங்கேற்றமே கடைசி நாளாகவும் ஆகிவிடுகிறது. முதல் தடவை வாசிப்பதில் பெருமை இருக்கிறது, நோட்டீஸில் போடலாம். இரண்டாவது தடவைக்கு யாருக்கும் ஆர்வம் இருக்காது. நல்ல குழு எடுத்த இசையைக் கைவிடாமல் வேறு ஊரில், வேறு கூட்டத்துக்கு மறுபடி வாசிக்கும். குரோனோஸ் 2015-இல் ஆரம்பித்த திட்டம் ஒன்றில் இருபத்தைந்து பெண்கள், இருபத்தைந்து ஆண்கள் என்று ஐம்பது பேரிடம் எழுதி வாங்கி, தாளையும் ஒலிப்பதிவையும் இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார்கள், உலகத்தில் எந்த இளம் குழுவும் எடுத்து வாசிக்கலாம் என்று. அந்த ஐம்பது பேரில் நம் ஜாகிர் உசேனும் ஒருவர்.

இதுவரை எழுதுகிறவர் பக்கம். வாசிக்கும் இளைஞருக்கு இதில் என்ன கிடைக்கிறது?

கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லித்தருகிறார்கள். அங்கே ஒரு பிள்ளை வர்ணம் படிக்கிறது என்றால், அந்த வர்ணத்தை யார் எப்படி வாசித்தார்கள் என்று யூடியூபில் நூறு பதிவு இருக்கிறது, வாத்தியார் வாசித்தது இருக்கிறது. அது மாதிரி வாசித்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. அந்தப் பயிற்சி வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேற்று எழுதிய இசைக்கு ஒலிப்பதிவே கிடையாது. பார்த்து அடிக்க எதுவும் இல்லை. இந்த இடம் வேகமா நிதானமா, இந்தச் சுரத்தை அசைக்கலாமா நேராக நிறுத்த வேண்டுமா என்று பதினெட்டு வயசுப் பிள்ளை தானே முடிவெடுத்து, எழுதியவரிடம் வாசித்துக் காட்டி, அவர் "இல்லை" என்றால் ஏன் என்று வாதாட வேண்டும். பல குழுக்கள் அனுபவமுள்ள ஒருவர், இளைஞர் ஒருவர் என்று பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தே நடத்துகின்றன. தாளை எப்போது திருப்புவது, எண்ணிக்கை தவறினால் எங்கே போய்ச் சேர்ந்துகொள்வது, கண்ணால் எப்படிச் சைகை கொடுப்பது, இதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் வரும்.

படித்தது போதும், ஒன்றைச் செய்து பாருங்கள். ஆள் ரெண்டு பேர் போதும், வாத்தியம் வேண்டாம். ஸ்டீவ் ரைஷ் என்ற அமெரிக்கர் 1972-இல் எழுதியது, ரெண்டு பேர் கைதட்டுவது மட்டும்தான் இசை. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு அவர் ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்குப் போய் மேளம் படித்துவிட்டு வந்திருந்தார். பன்னிரண்டு எண்ணிக்கை, இப்படி:

த த த , த த , த , த த ,

காற்புள்ளி வரும் இடத்தில் தட்டக் கூடாது. முதலில் ரெண்டு பேரும் ஒன்றாக இதையே திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தர் அப்படியே இருக்க, இன்னொருத்தர் ஒரே ஒரு எண்ணிக்கை தள்ளிப் போய்விடுவார்:

த த , த த , த , த த , த

மறுபடி சில தடவை, மறுபடி ஒரு எண்ணிக்கை தள்ளி. பன்னிரண்டு தடவை தள்ளினால் ரெண்டு பேரும் பழையபடி ஒன்று சேர்ந்துவிடுவார்கள். கேட்பதற்கு எளிது. முதல் தள்ளலிலேயே தெரியும், எதிரே இருப்பவர் தட்டுவது நம் கையை இழுத்துக்கொண்டு போகும், நாம் தட்டுவது நமக்கே சந்தேகமாகிவிடும். தாளம் பழகிய பிள்ளைகள் இதை நாலு, மூணு, ரெண்டு, மூணு என்று பிரித்துப் பிடித்துக்கொண்டால் சீக்கிரம் வந்துவிடும். தப்பு மேளம் அடிக்கிற பையன்கள் இன்னும் சீக்கிரம் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன், ஒருத்தர் அடிக்கு எதிராக இன்னொருத்தர் அடித்து நிற்பது அவர்களுக்குத் தினப்படி வேலை.

ஆள் அதிகம் இருந்தால் டெர்ரி ரைலி 1964-இல் எழுதியது ஒன்று இருக்கிறது. மொத்தம் 53 துண்டு இசை, ஒவ்வொன்றும் மிகச் சிறியது. எத்தனை பேர் வேண்டுமானாலும், எந்த வாத்தியம் வேண்டுமானாலும். ஒவ்வொருவரும் ஒரு துண்டைத் தனக்குப் போதும் என்று தோன்றும் வரை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முக்கியமான விதி, காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்களைவிட ரெண்டு மூணு துண்டுக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது. சுருதி நம் கணக்கில் ஒரு கட்டை. ஒத்திகையே இல்லாத ஒரு கூட்டம்கூட இதை வைத்து ஒரு மணி நேரம் சேர்ந்து வாசித்துவிட முடியும் என்பதால் புதிதாகச் சேரும் குழுக்கள் பலவும் இதில்தான் கை வைக்கின்றன.

நம் நாட்டில் இதற்கு ஒப்பாக ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. 1952-இல் அகில இந்திய வானொலி 'வாத்திய விருந்தா' என்று ஒரு குழுவை அமைத்து, ரவிசங்கர் போன்றவர்களைக் கொண்டு சிதார், வீணை, புல்லாங்குழல், வயலின் எல்லாம் சேர்ந்து வாசிக்கப் புதுப் புது இசை எழுத வைத்தது. சென்னையில் வி. எஸ். நரசிம்மன் 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் கர்னாடகக் கீர்த்தனைகளை நாலு தந்தி வாத்தியத்துக்கு மாற்றி எழுதி வாசித்தது. இவை உறவுக்காரர்கள்தான், ஆனால் பெயர் தெரியாத புதியவர் ஒருவரின் இசையை வாசிப்பதே வேலை என்று இருக்கும் குழு இங்கே அரிது. ஹோசூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி, நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். மேற்கத்திய இசை படித்த வயலின், செல்லோ ஆட்களைத் தேட வேண்டும் என்றால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

ஆனால் நம் பக்கத்தில் ஒன்று ஆரம்பிக்க செல்லோ வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நாதஸ்வரம், ஒரு வயலின், ஒரு பம்பை ஜோடி, ஒரு பறை, கூத்தில் ஹார்மோனியம் வாசிக்கும் ஒருவர், கீபோர்டு வாசிக்கும் ஒரு பொறியியல் மாணவர். இந்தச் சேர்க்கைக்கு இதுவரை உலகத்தில் யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை, அதனால் எது எழுதினாலும் புதுசு. பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும், அடிக்க அடிக்க தோல் தளர்ந்து நாதம் இறங்கும், மறுபடி காய்ச்ச வேண்டும். எழுதுகிறவர் அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாமல், பத்து நிமிட இசையில் பறையின் குரல் இறங்கிக்கொண்டே போவதையும் நடுவில் ஆள் எழுந்து போய் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவதையும் இசைக்குள்ளேயே எழுதிவிடலாம். அதியமானைப் பற்றி அவ்வை பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமை என்ற மேளத்தில் காற்று வந்து மோத, அந்தச் சத்தத்தைக் கேட்டே போர் என்று அவன் எழுந்துவிடுவான் என்று வரும். தகடூர், அதாவது நம் தர்மபுரிக் காற்றுக்கே மேளம் அடிக்கத் தெரிந்திருக்கிறது!

நடைமுறைக்கு வருவோம். முதல் தலைவலி நாள். முகூர்த்த மாதங்களில் நாதஸ்வரக்காரர் கிடைக்கவே மாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை, பம்பைக்காரர் வீட்டுக்கே போக மாட்டார். மார்கழியில் விடியற்காலைக் கோயில் வேலை. என் கணக்கில் புரட்டாசிதான் தோது, கல்யாண மண்டபமும் சும்மா கிடக்கும், கேட்டால் ஒரு மத்தியானத்துக்குக் குறைந்த வாடகைக்கு விடுவார்கள்.

அடுத்தது தாள். மூன்று ஒத்திகைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித் தாள், வாத்தியத்தின் பெயர் மேலே பெரிதாக, ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஓரத்தில் எண். "பதினேழாவதிலிருந்து எடுப்போம்" என்று சொல்ல முடிய வேண்டும், இல்லையென்றால் "அந்த இடம், இல்ல அதுக்கு முன்னாடி" என்று தேடுவதிலேயே அரைமணி நேரம் போய்விடும். பக்கம் முடியும் இடத்தில் அந்த ஆளுக்கு ஓய்வு வருகிற மாதிரி எழுதுங்கள், தாளைத் திருப்ப அவருக்கு மூணாவது கை கிடையாது. படிக்கத் தெரியாதவருக்குச் சொற்கட்டைப் போனில் வாயால் சொல்லிப் பதிவு செய்து ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

எழுதியது யாருடையது என்ற சந்தேகமும் வரும். இந்தியச் சட்டப்படி இசைக்கான பதிப்புரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 ஆண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை, எழுதினபோதே உரிமை வந்துவிடுகிறது. தேதி போட்டு ஒரு பிரதியை மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. பம்பைக்காரர் கொடுத்த அந்தத் திருப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தால் அவர் பெயரையும் தாளில் எழுதுங்கள், அதற்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை.

பணம். நியூயார்க்கில் பேங் ஆன் எ கேன் என்ற குழு 1997-இல் ஒரு ஏற்பாடு செய்தது: சாதாரண ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போடும் காசைச் சேர்த்து, அதை வைத்துப் புதியவர்களிடம் இசை எழுதி வாங்குவது. அங்கே இது புதுமை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, ராத்திரி ராத்திரியாகக் கூத்து விட்டு, துரியோதனன் படுகளம் வரைக்கும் நடத்துவதற்கு வீட்டுக்கு வீடு வரி போட்டுக் காசு சேர்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பது வீட்டில் நூறு நூறு ரூபாய் வாங்கினால் ஐயாயிரம். வாசிக்கும் ஆறு பேருக்கும் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும், எழுதியவருக்கும் ஒரு சின்னத் தொகை கொடுக்கலாம், டோனட்டைவிடக் கொஞ்சம் மேலாக. ஒன்று மட்டும் கறாராக இருக்கட்டும்: எல்லோருக்கும் ஒரே சம்பளம், எல்லோருக்கும் நாற்காலி. வயலினுக்கு ஒரு தொகை, பறைக்கு ஒரு தொகை என்று ஆரம்பித்தால் அந்தக் குழு வேண்டவே வேண்டாம், அதற்கு ஏற்கெனவே இருப்பதே போதும்.

கேட்க யார் வருவார்கள்? முதல் தடவை வாசிப்பவர்களின் வீட்டார் வருவார்கள், எழுதிய பிள்ளையின் கூட்டாளிகள் நாலு பேர், மண்டபத்து வாட்ச்மேன். போதும். பெயர்ப்பலகை, பேனர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை எதுவும் வேண்டாம், அதற்குச் செலவாகும் காசில் இன்னொரு ஒத்திகை வைக்கலாம். அஞ்சு நிமிட இசையென்றால் ஒருமுறை வாசித்துவிட்டு, எழுதியவரை எழுந்து நிற்கச் சொல்லி ரெண்டு வார்த்தை பேசவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசியுங்கள். முதல் தடவை வாட்ச்மேன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது தடவை அந்த நாதஸ்வரம் திண்ணையிலிருந்து வரும் இடத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காவிட்டால் எந்த இடத்தில் அலுத்தது என்று அவரிடமே கேளுங்கள், விமர்சகரைவிட நேராகச் சொல்வார்.